256 எம்பியில் ஓடும் கெர்னல் 8 ஜிபியில் ரீசெட் ஆகிறது: பூட் நேரத்து மெமரியை எப்படிச் சோதிப்பது?

பாளை_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கடைசி வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன 64 பிட் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறோம். அதை மெமரியில் ஏற்றும் லோடரும் நாங்களே எழுதியதுதான். மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரிடம் மெமரி மேப்பை வாங்கி, அதைக் கெர்னலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

கெர்னல் செய்வது இவ்வளவுதான்: மேப்பில் இருக்கும் காலி மெமரியைக் கூட்டி, மொத்தத்துக்கு ஏற்ற அளவில் ஒரு பிட்மேப் போடும், ஒரு 4 கேபி பக்கத்துக்கு ஒரு பிட். முதலில் எல்லாப் பிட்டும் 1, அதாவது 'பயன்பாட்டில்'. பிட்மேப்பை ஒட்டியே பேஜ் டேபிள்களை (விர்ச்சுவல் முகவரியை ஃபிசிகல் முகவரியாக மாற்றும் அட்டவணைகள்) வைக்கிறோம். முதல் 4 ஜிபியை மட்டும் 2 எம்பி பக்கங்களாக மேப் செய்கிறோம். அப்புறம் காலியான பகுதிகளின் பிட்டுகளை 0 ஆக்கிவிட்டு, புதிய பேஜ் டேபிளுக்கு மாறுகிறோம்.

கியூஎமு என்ற எமுலேட்டரில் 256 எம்பி கொடுத்தால் அழகாக ஓடுகிறது. லேபில் இருக்கும் 8 ஜிபி டெஸ்க்டாப்பில் போட்டால், கெர்னல் எழும்பும் முன்பே மெஷின் ரீசெட் ஆகி மறுபடி பூட் ஆகிறது. திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

தச்சநல்லூர்_சர்வீஸ்

தம்பி, முதலில் அந்த மெஷினில் ரேம் நல்லா இருக்கா என்று பார்த்துவிடுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் 6ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐயிலும் ஓடும். ராத்திரி போட்டுவிட்டு காலையில் பாருங்கள். ரேம் குச்சியைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய பல்லைத் துடைத்து மாட்டினாலே தீர்ந்துபோகும் கேஸ் நிறைய வருகிறது.

களக்காட்டான்

ரேம் சோதனை செய்வது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் ரேம் மேல் சந்தேகம் குறைவு. கெட்ட ரேம் இடம் மாறி மாறி விழும்.

தம்பி, மூன்று கேள்வி.

1. மெமரி மேப்பின் வரிசைகளைத் தாண்டும்போது எந்த அளவைப் பயன்படுத்துகிறீர்கள்? யூஇஎஃப்ஐயின் ஸ்ட்ரக்ட் 40 பைட். ஆனால் நிறைய ஃபர்ம்வேர் ஒரு வரிசைக்கு 48 பைட் என்று சொல்லும். கம்பைலர் சொல்லும் அளவை வைத்துத் தாண்டினால் இரண்டாவது வரிசையிலிருந்து எல்லாம் குப்பை. ஃபர்ம்வேர் திருப்பித் தரும் அளவைத்தான் எடுக்க வேண்டும்.

2. மேப்பை வாங்கிய பிறகு, பூட் சர்வீஸை விட்டு வெளியேறும் முன், இடையில் வேறு ஏதாவது மெமரி ஒதுக்கினீர்களா? திரையில் ஒரு வரி எழுதுவதுகூட ஃபர்ம்வேருக்குள் மெமரி ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கினால் மேப்பின் சாவி எண் மாறிவிடும், வெளியேறும் அழைப்பு தோற்கும். தோற்றால் மேப்பை மறுபடி வாங்கி, மறுபடி முயல வேண்டும்.

3. பேஜ் டேபிள் மாற்றும் முன் இன்டரப்ட் டேபிள் (பிழை வந்தால் எந்த ஃபங்ஷனுக்குப் போவது என்ற பட்டியல்) வைத்திருக்கிறீர்களா?

பாளை_மாணவன்

அண்ணாச்சி, முதல் இரண்டும் சரியாக இருக்கிறது. ஃபர்ம்வேர் தரும் அளவைத்தான் எடுக்கிறோம், வெளியேறுவது தோற்றால் திரும்ப முயலும் சுற்றும் இருக்கிறது. மூன்றாவது இல்லை. இன்டரப்ட் டேபிள் பிறகுதான் வருகிறது.

களக்காட்டான்

அதனால்தான் ரீசெட். பேஜ் டேபிளில் வழி இல்லாத முகவரியைத் தொட்டால் வரும் பேஜ் ஃபால்ட் 14ஆம் எண். அதைக் கையாள ஆள் இல்லாததால் ப்ராசஸர் டபுள் ஃபால்டுக்குப் போகிறது, அது 8ஆம் எண். அதற்கும் ஆள் இல்லை, டிரிபிள் ஃபால்ட், மெஷின் ரீசெட். காரணம் வேறு எங்கோ இருக்கிறது. ஆனால் ரீசெட் ஒரு தகவல்தான், வீணாக விடாதீர்கள்.

லேப் மெஷினைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கியூஎமுவில் கியூ35 மெஷின் வகையை எடுத்து 8 ஜிபி கொடுங்கள். மானிட்டரைத் திறந்து வையுங்கள். ரீபூட்டும் ஷட்டவுனும் வேண்டாம் என்ற இரண்டு தேர்வுகளையும் சேர்த்துப் போடுங்கள், விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்டரப்ட் லாக்கையும் ரீசெட் லாக்கையும் டீபக் தேர்வில் இயக்குங்கள். ஒரு எச்சரிக்கை: இன்டரப்ட் லாக் கேவிஎம் (நிஜ ப்ராசஸரிலேயே நேராக ஓட்டும் வசதி) இல்லாமல் ஓடினால்தான் முழுதாக வரும். கேவிஎம்மை அணைத்துவிடுங்கள், மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை.

சிந்துபூந்துறை

லாக் எல்லாம் எதற்கு? ஜிடிபி டீபக்கரை மாட்டிவிட்டு ஒவ்வொரு வரியாகப் போனால் தெரிந்துவிடுமே.

களக்காட்டான்

போகலாம். ஆனால் பூட் நேரத்தில் ஜிடிபி பழகாதவரை சுற்றவிடும். கெர்னலின் சிம்பல்கள் எல்லாம் மேலே இருக்கும் விர்ச்சுவல் முகவரிக்கு எழுதப்பட்டவை. பேஜிங் மாறும் முன் கோட் கீழே இருக்கும் ஃபிசிகல் முகவரியில் ஓடும். சிம்பல் கோப்பை இடம் நகர்த்தி இன்னொரு முறை ஏற்ற வேண்டும். சாதாரண பிரேக்பாயின்ட், கோட் மெமரிக்கு வரும் முன்பே வைத்தால், லோடர் கெர்னலைப் பிரதி எடுக்கும்போது அழிந்துபோகும். ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் வைக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் என்றால் முகவரியைக் குலுக்கும் கேஏஎஸ்எல்ஆரையும் அணைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவருக்கு ஜிடிபி பெரிய வரம். முதல் கேள்வி 'எங்கே விழுந்தது' என்பது, அதற்கு லாக் போதும். 'யார் கெடுத்தது' என்ற கேள்வி வரும்போது ஜிடிபி வேண்டும்.

பாளை_மாணவன்

அண்ணாச்சி, கியூஎமுவிலேயே பிடித்துவிட்டது! 8 ஜிபி கொடுத்ததும் அதே ரீசெட். லாக்கில் 14, பிறகு 8, பிறகு டிரிபிள் ஃபால்ட் என்று நீங்கள் சொன்ன வரிசையிலேயே இருக்கிறது. ஃபால்ட் ஆன முகவரியை வைத்திருக்கும் சிஆர்2 ரெஜிஸ்டரில் இருப்பது, சிஆர்3ஐ (பேஜ் டேபிள் இருக்கும் இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர்) மாற்றும் கட்டளைக்கு அடுத்த கட்டளையின் முகவரி.

வேறு அளவுகளும் போட்டுப் பார்த்தோம். 2 ஜிபியில் ஓடுகிறது. 3 ஜிபியிலும் ஓடுகிறது. 4 ஜிபியில் விழுகிறது. 8 ஜிபியில் விழுகிறது. 4 ஜிபி என்ற எல்லையில் ஏதோ 32 பிட் மாறி உடைகிறதா என்று தேடினோம். எல்லாம் 64 பிட்டாகவே இருக்கிறது.

அம்பைக்காரி

நான் ஒரு கல்லூரியில் ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் எடுப்பவள். தம்பி நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அளவை மாற்றி மாற்றிப் பார்த்தது மிகவும் சரி.

சிஆர்3 மாறியவுடன் அடுத்த கட்டளையே கிடைக்கவில்லை என்றால், புதிய பேஜ் டேபிளில் அந்தக் கட்டளை இருக்கும் இடத்துக்கு வழி இல்லை என்று பொருள். நீங்கள் டேபிளைத் தப்பாகக் கட்டியிருக்கலாம், அல்லது சரியாகக் கட்டிய டேபிளை யாரோ பிறகு அழித்திருக்கலாம். 2 ஜிபியில் ஓடுவதால் கட்டும் முறை சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மெஷின் நின்ற நிலையிலேயே கியூஎமு மானிட்டரில் சிஆர்3 காட்டும் ஃபிசிகல் முகவரியின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். முதல் வரிசையின் கடைசிப் பிட் 1 ஆக இருக்க வேண்டும், 'இருக்கிறது' என்ற அடையாளம் அது.

அது ஒரு பக்கம். இன்னொன்றையும் செய்யுங்கள். என் மாணவர்களிடம் எப்போதும் இதைத்தான் வற்புறுத்துவேன்: மெமரி கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கணக்கை அச்சிடுங்கள். ஃபர்ம்வேர் லோடரிடம் கொடுத்தது எவ்வளவு, லோடர் கெர்னலிடம் கொடுத்தது எவ்வளவு, கெர்னல் பிட்மேப்பில் காலி என்று குறித்தது எவ்வளவு. கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலில் நின்று யோசிப்பதில்லை. தலைமதகிலிருந்து மடைக்கு மடை அளந்துகொண்டே வருவார்கள், எந்த இரண்டு மடைக்கு நடுவில் குறைகிறதோ அங்கேதான் உடைப்பு. பூட் நேரத்து மெமரிக்கும் அந்த அளவைதான் வேண்டும். மூன்று எண்களோடு நான்காவதாக ஒன்றையும் அச்சிடுங்கள்: காலி மெமரியின் ஆக உயர்ந்த முகவரி.

பணகுடிக்_காற்று

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். என் பிரச்சினையும் மெமரிதான், ஆனால் லினக்ஸ். காற்றாலைகளில் டேட்டா எடுக்கும் சின்ன ஏஆர்எம் போர்டு, 1 ஜிபி ரேம். ஆடிக் காற்றில் லைன் டிரிப் ஆகி மின்சாரம் விட்டு விட்டு வரும்போது, சில தடவை போர்டு எழும்பினால் மொத்த மெமரி ஏறக்குறைய பாதிதான் காட்டுகிறது. மறுபடி நிதானமாக ஆன் செய்தால் முழுசாகக் காட்டும். கெர்னல் பதிப்பை மாற்றினால் சரியாகுமா?

அம்பைக்காரி

பணகுடி அண்ணாச்சி, மாற்றும் முன் அளந்து பார்த்துவிடலாம். லினக்ஸில் மெமரி எப்படிக் கை மாறுகிறது என்று சொல்கிறேன், தம்பிக்கும் உதவும்.

பிசியாக இருந்தால் ஃபர்ம்வேர் தரும் மேப் கெர்னலுக்குள் ஈ820 பட்டியலாக வரும். கெர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜின் (dmesg) ஆரம்பத்திலேயே எந்த முகவரி முதல் எந்த முகவரி வரை பயன்படுத்தலாம், எது ஒதுக்கப்பட்டது என்று வரிசையாக இருக்கும். உங்கள் போர்டில் அந்த இடத்தை டிவைஸ் ட்ரீ என்ற ஹார்டுவேர் விவரக் கோப்பு எடுத்துக்கொள்கிறது. அதில் மெமரி என்ற கணுவில் தொடக்கமும் நீளமும் இருக்கும். பெரும்பாலும் போர்டின் பூட் லோடரான யூபூட் அதைத் திருத்தி எழுதித்தான் கெர்னலிடம் கொடுக்கும்.

கெர்னல் அதை முதலில் மெம்பிளாக் என்ற தற்காலிக ஒதுக்கியில் சேர்க்கும். பழைய பூட்மெம் 2018இல் வந்த 4.20 பதிப்போடு போய்விட்டது, இப்போது மெம்பிளாக்தான். அதில் இரண்டு பட்டியல்: இருக்கும் மெமரி ஒன்று, தொடக்கூடாதது இன்னொன்று. பூட் கட்டளையில் மெம்பிளாக்கை டீபக் என்று வைத்தால் யார் எந்த வரியில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஒவ்வொன்றாக அச்சிடும். ஏஆர்எம்மில் பூட் ஆன பிறகும் டீபக் கோப்புமுறையில் இந்த இரண்டு பட்டியலையும் படிக்கலாம்.

அடுத்து முகவரி எல்லையை வைத்து மெமரி ஸோன்களாகப் பிரிக்கப்படும். 64 பிட் பிசியில் முதல் 16 எம்பி டிஎம்ஏ, அதிலிருந்து 4 ஜிபி வரை டிஎம்ஏ32, அதற்கு மேல் நார்மல். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பேஜ் ஸ்ட்ரக்ட், வழக்கமாக 64 பைட். 1 ஜிபிக்கு 2,62,144 பக்கம், ஆக 16 எம்பி இதற்கே போய்விடும். மொத்த மெமரி சிப்பின் அளவைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவதற்கு இது ஒரு காரணம். கெர்னலின் சொந்த கோட், டிவைஸ் ட்ரீயில் மேப் செய்யவே கூடாது என்று குறித்த பகுதிகள் இவையும் கழியும். சிஎம்ஏ (சாதனங்களுக்குத் தொடர்ச்சியான மெமரி தர ஒதுக்கிய) பகுதி கழியாது, அது மொத்தத்தில் சேர்ந்தே இருக்கும். கடைசியாக மிச்சம் எல்லாம் படி (buddy) ஒதுக்கி என்ற நிரந்தர ஒதுக்கிக்குப் போகும், அதோடு மெம்பிளாக்கின் வேலை முடிந்தது.

இந்தக் கட்டத்தைச் சோதிக்கவே லினக்ஸில் தனி வசதி இருக்கிறது, 2008இல் சேர்த்தது. மெமரி இனிட் டீபக் என்ற கட்டமைப்பை இயக்கி கெர்னலைக் கட்டினால், எம்எம்இனிட் லாக்லெவல் என்ற அளவுருவை 0 முதல் 4 வரை வைக்கலாம். 4 என்றால் எல்லாவற்றையும் எழுதும். அந்த வரிகள் டீபக் மட்டத்தில் வருவதால் பொதுவான லாக்லெவலை 8 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் கண்ணில் படாது. அது பார்ப்பதில் இரண்டு விஷயம் முக்கியம். பேஜ் ஸ்ட்ரக்டின் கொடி எண்ணுக்குள் ஸோன், நோடு, செக்‌ஷன் எண்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் அடங்குகின்றனவா என்பது ஒன்று. ஒரு ஸோனில் இடம் தீர்ந்தால் அடுத்து எங்கே போவது என்ற ஸோன் பட்டியல் எப்படி அமைந்திருக்கிறது என்று அச்சிடுவது இன்னொன்று.

உங்கள் கேஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. சீரியல் கேபிள் மாட்டி, பாதி காட்டும் பூட்டில் யூபூட் தொடக்கத்தில் அச்சிடும் டிராம் அளவு என்ன என்று மட்டும் பாருங்கள்.

பணகுடிக்_காற்று

சரி, அக்கா. அடுத்த தடவை டவருக்குப் போகும்போது லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துப் போகிறேன்.

பாளை_மாணவன்

அக்கா, மானிட்டரில் பார்த்தோம். சிஆர்3 காட்டும் பக்கம் முழுக்கப் பூஜ்யம். கட்டி முடித்தவுடன் முதல் வரிசையை சீரியலில் அச்சிட்டால் சரியான மதிப்பு இருக்கிறது. ஆக, பிறகு யாரோ அழிக்கிறார்கள்.

கணக்கும் போட்டோம். 8 ஜிபி ஓட்டத்தில் ஃபர்ம்வேர் கொடுத்ததும் கெர்னல் வாங்கியதும் ஒன்றே, ஒரு பக்கம்கூட வித்தியாசம் இல்லை. மொத்தம் 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உயர்ந்த முகவரி 10 ஜிபி. இது எப்படி?

அம்பைக்காரி

கிடைத்துவிட்டது தம்பி.

பிசியில் ரேம் ஒரே நீளமாக 0விலிருந்து 8 ஜிபி வரை இருப்பதில்லை. 4 ஜிபிக்குக் கீழே பிசிஐ சாதனங்களுக்கும் ஃபர்ம்வேருக்கும் முகவரி வேண்டும், அதற்காக ஒரு இடைவெளி விடப்படும். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய ரேம் 4 ஜிபிக்கு மேலே தள்ளி வைக்கப்படும். கியூ35 வகையில் 8 ஜிபி கொடுத்தால் கீழே 2 ஜிபி, மிச்சம் 6 ஜிபி 4 ஜிபி முகவரியிலிருந்து தொடங்கும். அதனால்தான் முடிவு 10 ஜிபி.

உங்கள் பிட்மேப் மொத்தத்தை வைத்து அளக்கப்பட்டது, 8 ஜிபிக்கு 256 கேபி. ஆனால் பிட்டைத் தேடுவது முகவரியை வைத்து. 8க்கும் 10க்கும் இடையிலுள்ள பக்கங்களின் பிட்டுகள் பிட்மேப்பின் முடிவைத் தாண்டி 64 கேபி தூரத்துக்கு விழும். அங்கே என்ன வைத்தீர்கள்?

பாளை_மாணவன்

பேஜ் டேபிள்! முதல் 4 ஜிபிக்கு 6 பக்கம், 24 கேபி. 'காலி' என்று பிட்டை 0 ஆக்கும்போது டேபிள் முழுக்கப் பூஜ்யமாகிறது.

ஆனால் அக்கா, 3 ஜிபியில் எப்படி ஓடியது? கியூ35இல் 3 ஜிபி கொடுத்தாலும் கீழே 2, மேலே 1, முடிவு 5 ஜிபி என்றுதான் அச்சாகிறது. அங்கேயும் எல்லை தாண்டத்தானே வேண்டும்?

அம்பைக்காரி

தாண்டுகிறது. 3 ஜிபிக்குப் பிட்மேப் 96 கேபி. 4 ஜிபியில் தொடங்கும் பக்கத்தின் பிட் 128ஆவது கேபியில் இருக்கும். நடுவிலுள்ள 3 முதல் 4 ஜிபி வரை ரேமே இல்லை, அதனால் அந்தப் பிட்டுகளை யாரும் தொடவில்லை. பிட்மேப் முடிந்து 32 கேபி வரை எதுவும் அழியவில்லை, உங்கள் டேபிள் 24 கேபிக்குள் முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் இருந்த 32 கேபி அழிந்தது, அங்கே ஒன்றும் இல்லாததால் ஓடியது. 4 ஜிபி ஓட்டத்தில் பிட்மேப் 128 கேபி, அது முடியும் இடத்திலேயே அழிவு தொடங்குகிறது.

இதை மாணவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 3 ஜிபியில் ஓடியது என்பதால் 3 ஜிபியில் பிழை இல்லை என்று ஆகாது.

சிந்துபூந்துறை

கணக்கு பொருந்துகிறது. ஆனாலும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது நல்லது. ஜிடிபியில் அந்த டேபிளின் முதல் வரிசை முகவரிக்கு ஒரு வாட்ச்பாயின்ட் வையுங்கள் தம்பி. கியூஎமு அதை ஆதரிக்கும். முதலில் நீங்கள் கட்டும்போது ஒருமுறை நிற்கும், தொடரச் சொல்லுங்கள். அடுத்து எங்கே நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

பாளை_மாணவன்

நின்றது. பிட்டை 0 ஆக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே. பக்க எண் மொத்தப் பக்கங்களைவிடப் பெரிது. அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது, அண்ணாச்சிகள் எல்லோருக்கும் நன்றி.

இப்போது பிட்மேப்பை உயர்ந்த முகவரியை வைத்து அளக்கும்படி மாற்றலாம் என்று இருக்கிறோம். மேப்பில் இருக்கும் எல்லா வரிசைகளிலும் ஆக உயர்ந்ததை எடுக்கலாமா?

களக்காட்டான்

எல்லா வரிசைகளையும் எடுக்காதீர்கள்! ரேம் அல்லாத வரிசைகளும் மேப்பில் உண்டு. கியூ35இலேயே 1 டிபி முகவரிக்குச் சற்றுக் கீழே ஒதுக்கப்பட்ட பகுதி என்று ஒன்று வரலாம். அதையும் சேர்த்தால் 1 டிபிக்குப் பிட்மேப் போட வேண்டியிருக்கும், 32 எம்பி. 256 எம்பி மெஷினில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போகும். பயன்படுத்தக்கூடிய ரேம் வகைகளில் மட்டும் உயர்ந்ததைப் பாருங்கள். ஏசிபிஐ டேபிள்கள் (ஃபர்ம்வேர் தரும் ஹார்டுவேர் விவரங்கள்) இருக்கும், பிறகு மீட்கக்கூடிய வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பூட் சர்வீஸ் வகைகளையும்தான். என்றைக்காவது அவற்றை விடுவிப்பீர்கள்.

அடுத்த பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதல் 4 ஜிபியைத்தான் மேப் செய்கிறீர்கள். பிட்மேப் சரியானதும் ஒதுக்கி 4 ஜிபிக்கு மேலிருந்தும் பக்கம் தரத் தொடங்கும். அதைத் தொட்டால் மறுபடி பேஜ் ஃபால்ட். லினக்ஸ் இதற்காகவே தொடக்கத்தில் மெம்பிளாக்குக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, மேப் ஆன பகுதிக்குள்ளிருந்து மட்டும் ஒதுக்கும். முழு மெமரியும் மேப் ஆன பிறகு அந்த வரம்பை உயர்த்தும். நீங்களும் அதையே செய்யுங்கள்.

இன்டரப்ட் டேபிளை இன்றைக்கே முன்னால் கொண்டு வந்துவிடுங்கள். பேஜ் ஃபால்டுக்கு சிஆர்2ஐயும் பிழைக் குறியீட்டையும் சீரியலில் எழுதிவிட்டு நிற்கும் சின்னக் கையாளி போதும். பிழைக் குறியீட்டின் கடைசிப் பிட் 0 என்றால் பக்கமே இல்லை, 1 என்றால் பக்கம் இருக்கிறது, அனுமதி இல்லை. 0இலிருந்து எண்ணி 3ஆவது பிட் 1 என்றால் டேபிளில் தொடக்கூடாத பிட்டை யாரோ வைத்திருக்கிறார்கள். என்எக்ஸ் (ஒரு பக்கத்தில் கோட் ஓடாமல் தடுக்கும்) வசதியை இயக்காமல் 63ஆவது பிட்டை வைத்தால் இந்தப் பிழைதான் வரும், நிறையப் பேர் அதில் மாட்டுவார்கள்.

தச்சநல்லூர்_சர்வீஸ்

லேப் மெஷினில் சீரியல் போர்ட் பின்னால் இல்லாவிட்டாலும் மதர்போர்டில் 9 பின் ஹெடர் இருக்க வாய்ப்புண்டு, தம்பி. ஒரு பிராக்கெட் வாங்கி மாட்டினால் போதும். ஹெடரில் பின் வரிசை இரண்டு விதமாக வரும், போர்டு மேனுவலைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கணினிகளை நேராக இணைக்க நல் மோடம் கேபிள் வேண்டும், சாதாரண நீட்டிப்பு கேபிள் ஆகாது.

அம்பைக்காரி

இன்னொரு பழக்கம். எம்ஐடியின் எக்ஸ்வி6 கற்பிக்கும் கெர்னலில், ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது அதன் எல்லாப் பைட்டிலும் 1 என்று நிரப்பிவிடுவார்கள், ஒதுக்கும்போது 5 என்று நிரப்புவார்கள். விடுவித்த பக்கத்தை யாராவது பயன்படுத்தினால் உடனே தடுமாறி விழும். குப்பையைப் படித்தவர் பூஜ்யம் கிடைத்து அதிர்ஷ்டத்தில் பிழைத்துக்கொள்ள முடியாது. உங்கள் கெர்னலிலும் போடுங்கள். பிட்மேப்புக்கும் டேபிளுக்கும் நடுவில் ஒரு காவல் பக்கம் விட்டு, அதில் தெரிந்த ஒரு மதிப்பை நிரப்பி, பூட் முடிவில் அது மாறாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். 3 ஜிபி ஓட்டத்தில் எல்லை தாண்டியது 32 கேபி தள்ளி விழுந்தது அல்லவா, அதனால் ஒரே ஒரு காவல் பக்கம் அதைப் பிடித்திருக்காது. பிட்டைத் தொடும் ஃபங்ஷனிலேயே பக்க எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கத்திவிட்டு நிற்கச் செய்வதுதான் உறுதியானது. இரண்டும் இருக்கட்டும்.

பணகுடிக்_காற்று

அக்கா, டவருக்குப் போய் வந்தேன். பாதி காட்டிய பூட்டில் யூபூட்டின் வரியே 512 எம்பி என்றுதான் சொல்கிறது. நல்ல பூட்டில் 1 ஜிபி. டிவைஸ் ட்ரீயில் இருந்த நீளம், மெம்பிளாக் பட்டியல், மொத்த மெமரி மூன்றும் இரண்டு பூட்டிலும் யூபூட் சொன்னதோடு பொருந்துகின்றன.

களக்காட்டான்

அப்படியானால் கெர்னல் மேல் பழி இல்லை அண்ணாச்சி, பதிப்பை மாற்றியும் பயன் இல்லை. யூபூட் பல போர்டுகளில் ரேமின் அளவை எழுதிப் படித்துத்தான் கண்டுபிடிக்கும்: இரண்டின் அடுக்குகளான முகவரிகளில் ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, எங்கே பொருந்தாமல் போகிறதோ அங்கே ரேம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். மின்னழுத்தம் நிலைக்கும் முன் டிராம் கன்ட்ரோலர் தயாரானால் மேல் பாதியில் படிப்பது பிசகலாம். உங்கள் லாக் காட்டுவது முதல் மடையிலேயே குறைகிறது என்பதைத்தான்.

பவர் சப்ளை வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். மின்சாரம் போய் உடனே திரும்பும்போது கெப்பாசிட்டர்கள் முழுசாக இறங்காமல் பாதி வோல்டேஜில் போர்டு எழும்பப் பார்க்கிறதா என்று தெரியும். அப்படி இருந்தால் ரீசெட் சூப்பர்வைசர் சிப் ஒன்று போட்டு, வோல்டேஜ் எல்லையைத் தாண்டி நிலைத்த பிறகே ரீசெட்டை விடும்படி செய்ய வேண்டும். அதுவரைக்கும், யூபூட்டில் அளவு 1 ஜிபிக்குக் குறைந்தால் தானாக ரீசெட் போடும்படி ஒரு சோதனை எழுதி வையுங்கள்.

பணகுடிக்_காற்று

ரீசெட் சோதனையை இந்த வாரமே போட்டுவிடுகிறேன். ஸ்கோப் வள்ளியூரில் ஒரு நண்பரிடம் இருக்கிறது, காற்று கொஞ்சம் அடங்கியதும் எடுத்துப் போய் அளந்து படத்தை இங்கே போடுகிறேன்.

பாளை_மாணவன்

எங்கள் பக்கமும் ஓடிவிட்டது. பிட்மேப் இப்போது ரேம் வகைகளின் உயர்ந்த முகவரியை வைத்து அளக்கப்படுகிறது. எல்லைச் சோதனை, பேஜ் ஃபால்ட் கையாளி, விடுவிக்கும்போது நிரப்புவது மூன்றும் சேர்த்தாயிற்று. ஒதுக்கிக்கு 4 ஜிபி வரம்பு வைத்து, முழு மெமரியும் மேப் ஆன பிறகு உயர்த்துகிறோம். கியூஎமுவில் 256 எம்பி, 2, 3, 4, 8 ஜிபி ஐந்தையும் ஒரே ஸ்கிரிப்ட் ஓட்டி, ஒவ்வொன்றிலும் கை மாறும் இடங்களின் கணக்கு பொருந்துகிறதா என்று பார்க்கிறது.

லேப் மெஷினும் எழும்புகிறது. அதில் உயர்ந்த முகவரி 9 ஜிபியைத் தாண்டி இருக்கிறது. கணக்கு மட்டும் ஒரு இடத்தில் சிறிது இடிக்கிறது: காலி என்று குறித்த மொத்தம், கெர்னல் வாங்கியதைவிடக் குறைவாக வருகிறது. வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் கெர்னல், பிட்மேப், பேஜ் டேபிள், காவல் பக்கம் இவற்றின் அளவோடு சரியாகப் பொருந்துகிறது. இதைப் பிழை என்று எடுக்க வேண்டாம்தானே?

அம்பைக்காரி

வேண்டாம், அது நீங்களே எடுத்து வைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கழித்தலையும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள் தம்பி. மீதி பூஜ்யமாக வராத அன்றைக்கு அதுவே நிறுத்திச் சொல்லட்டும்.